இணைப்பு அறுந்தாலும் வேலை அறாமல் இருக்க: மலையூர் லினக்ஸ் பயனருக்கான கட்டளைவரிக் கருவிகள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது மரம் சாய்ந்து மின்கம்பி அறுவதும், சற்று நேரத்தில் செல்பேசிக் கோபுரமும் ஓய்ந்துபோவதும் வழக்கம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இதே வேலையைச் செய்யும். இத்தகைய ஊர்களில் லினக்ஸ் பயன்படுத்துகிறவருக்கு, இணையத்தில் வலம் வரும் “சிறந்த கருவிகள்” பட்டியல்களால் பெரிய பயன் இல்லை, ஏனெனில் அவை மின்சாரமும் இணைப்பும் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. ஆகவே இங்கே ஒரே அளவுகோலை வைத்துக் கருவிகளைத் தேர்ந்திருக்கிறேன்: பாதியில் நின்ற வேலையை, நின்ற இடத்திலிருந்தே தொடர அது விடுகிறதா என்பதே அந்த அளவுகோல். குறை பார்க்கும் கருவிகளுக்கும், கணக்குக் கருவிகளுக்கும், விளையாட்டுக் கருவிகளுக்கும் மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். கட்டளை தட்டும் சன்னலான முனையத்தில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடத்தில் “பெரிய” என்று குறிப்பிடுகிறேன். டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த எந்த லினக்ஸிலும் இவற்றை “சூடோ ஆப்ட் இன்ஸ்டால்” என்று தட்டி, அதன்பின் கருவியின் பெயரைச் சேர்த்து நிறுவிக்கொள்ளலாம். அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். அந்தப் பழைய மடிக்கணினியில் இன்றைய உலாவி திணறினாலும், இங்கே சொல்லப்படும் கருவிகள் திணறுவதில்லை.

அறுந்தாலும் காத்திருக்கும் அமர்வு

முதலில் நிறுவ வேண்டியது டிமக்ஸ். டி, எம், யு, எக்ஸ் என்பவை அதன் எழுத்துகள். தொலைவில் இருக்கும் சர்வருக்குள், அதற்கென உள்ள எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான வழியில் நுழைந்து ஒரு நீண்ட வேலையைத் தொடங்கியிருக்கும்போது இணைப்பு அறுந்தால், அந்த முனையத்தோடு அதில் ஓடிய வேலையும் பெரும்பாலும் இறந்துபோகும். டிமக்ஸ் இந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது: வேலை சர்வரில் ஓடும் அமர்வுக்குள் இருக்கும், நம் முனையம் அதை எட்டிப் பார்க்கும் சன்னலாக மட்டும் இருக்கும்.

சர்வருக்குள் நுழைந்தவுடன் “டிமக்ஸ் நியூ -எஸ் வேலை” என்று தட்டினால், “வேலை” என்ற பெயரில் ஓர் அமர்வு திறக்கும். பெயர் உங்கள் விருப்பம். திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை தோன்றினால் உள்ளே இருக்கிறீர்கள் என்று பொருள். வெளியே வர, கண்ட்ரோல் விசையோடு பி (b) எழுத்தைச் சேர்த்து அழுத்தி, இரண்டையும் விட்டுவிட்டு, பிறகு டி (d) எழுத்தைத் தனியாக அழுத்த வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்துகிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை. திரும்பி உள்ளே செல்ல “டிமக்ஸ் அட்டாச் -டி வேலை” போதும் (இங்கே டி என்பது t). அமர்வின் பெயர் மறந்துவிட்டால் “டிமக்ஸ் எல்எஸ்” பட்டியல் தரும். இணைப்பு தானாக அறுந்துபோனாலும் அதே அட்டாச் கட்டளைதான், ஏனெனில் அறுந்ததும் நாமாகப் பிரிந்து வந்ததும் டிமக்ஸுக்கு ஒன்றே. 1987 முதல் இருந்துவரும் ஸ்கிரீன் என்ற கருவியும் இதே பணியைச் செய்யும். பழைய சர்வர்களில் டிமக்ஸ் இல்லாவிட்டால் அது இருக்கக்கூடும்.

ஒரு வரம்பைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிமக்ஸ் காப்பது இணைப்பு அறுவதிலிருந்து மட்டுமே. அது ஓடுகிற கணினிக்கே மின்சாரம் போனால் அமர்வும் போய்விடும். பேட்டரி செத்த மடிக்கணினியிலேயே டிமக்ஸை ஓடவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

டிமக்ஸுக்குப் பொருத்தமான துணை மோஷ். 2012 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த இது, உள்நுழைவுக்கு மட்டும் எஸ்எஸ்எச்சைப் பயன்படுத்திவிட்டு, பிறகு தொடர் இணைப்பு தேவைப்படாத யுடிபி முறையில் பேசுகிறது. அதனால் வைஃபையிலிருந்து செல்பேசி இணைப்புக்கு மாறினாலும், மடிக்கணினியை மூடிவைத்து மறுநாள் திறந்தாலும், விட்ட இடத்தில் அமர்வு நிற்கும். இணைப்பு மந்தமாக இருக்கும்போது நாம் தட்டும் எழுத்தை சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் திரையில் காட்டி, உறுதியாகாத எழுத்துகளுக்கு அடிக்கோடு இடும். ஒரு கோபுரத்தின் சமிக்ஞையை மலைத்திருப்பம் ஒன்று மறைக்கும் பேருந்துப் பயணத்தில் இதன் அருமை புரியும். சர்வரிலும் மோஷ் நிறுவப்பட்டிருக்க வேண்டும், அதன் தீயரணில் 60000 முதல் 61000 வரையிலான யுடிபி வாயில்கள் (போர்ட்) திறந்திருக்க வேண்டும். மோஷில் பின்னோக்கிச் சுருட்டிப் பழைய வரிகளைப் பார்க்க முடியாது. அதற்காகவே மோஷுக்குள் டிமக்ஸைத் திறந்துகொள்வது நல்லது. டிமக்ஸில் கண்ட்ரோல்-பி அழுத்தி, இடப்பக்கச் சதுர அடைப்பை அழுத்தினால் மேலே நகரலாம். க்யூ எழுத்து வெளியே கொண்டுவரும்.

மின்சாரம் போவதற்கு எதிராகக் கைகொடுப்பது எழுதுகருவிதான். விம், கோப்பைத் திறந்ததுமே ஓர் இடமாற்றுக் கோப்பை உருவாக்கி, 200 எழுத்துகள் தட்டியதும் அல்லது 4 நொடிகள் கை ஓய்ந்ததும் அதில் எழுதிவைக்கும். திரையணைந்து மீண்டும் வந்தபின் அதே கோப்பைத் திறந்தால், மீட்டெடுக்கவா என்று அதுவே கேட்கும். ஆர் எழுத்தை அழுத்தலாம். மீட்டதைச் சேமித்தபின் பழைய இடமாற்றுக் கோப்பை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்கும். எளிமைக்குப் பெயர்பெற்ற நானோ, முனையம் மூடப்பட்டால் ஒரு நகலைச் சேமிக்கும். மின்சாரமே போனால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

பாதியில் நின்ற கோப்பு

ஒரு லினக்ஸ் நிறுவல் கோப்பு சில ஜிபி அளவு இருக்கும். உலாவியில் அதைப் பதிவிறக்கி, முக்கால் பங்கில் அறுந்து, முதலிலிருந்து தொடங்குவதைவிடக் கொடுமை வேறில்லை. டபிள்யூகெட் கருவியில் “டபிள்யூகெட் -சி” என்று தட்டி முகவரியை ஒட்டினால், அடைவில் (ஃபோல்டரில்) ஏற்கெனவே இருக்கும் பகுதிக்கு அடுத்த பைட்டிலிருந்து அது தொடரும். சர்வர் அதை அனுமதிக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. இயல்பாக 20 முறை முயன்று கைவிடும் பழக்கம் அதற்கு உண்டு. “-டி 0” (டி என்பது t) சேர்த்தால் எண்ணிக்கை பாராமல் முயலும். வீட்டில் இன்னொருவர் இணைய வகுப்பில் இருந்தால் “--லிமிட்-ரேட்=200கே” சேர்ப்பது குடும்ப அமைதிக்கு நல்லது. இறங்கி முடிந்ததும் “ஷா256சம்” கட்டளையோடு கோப்பின் பெயரைத் தந்து, வரும் எண்ணெழுத்துத் தொடரை வெளியீட்டாளர் தந்திருப்பதோடு ஒப்பிடுங்கள். பலமுறை அறுந்து ஒட்டிய கோப்பை இந்தச் சோதனை இல்லாமல் பென் டிரைவில் எழுதக் கூடாது.

கோப்புகளைக் காப்புப் பிரதி எடுக்கவும், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பவும் ஆர்சிங்க். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996 இல் வெளியிட்ட இந்தக் கருவியின் சாமர்த்தியம், மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதில் இருக்கிறது: மறுமுனையில் உள்ள கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைப் பெற்று, இம்முனையில் அதே எண்ணுள்ள பகுதிகளை அனுப்பாமல் விட்டுவிடுகிறது. நூறு எம்பி கோப்பில் ஒரு பத்தி மாறினால் மிகச் சிறு அளவு போனால் போதும். ஒரே கணினியில் இரு வட்டுகளுக்கிடையே நகலெடுக்கும்போது மட்டும் இந்தக் கணக்கைச் செய்யாமல், மாறிய கோப்பை முழுதாகவே எழுதும். அங்கே அதுதான் விரைவு.

அன்றாடத்துக்கு “ஆர்சிங்க் -ஏவிஎச், பெரிய பி (P)” என்ற கூட்டு போதும். ஏ என்பது உரிமைகள், நேரமுத்திரை அனைத்தையும் அப்படியே காக்கும். வி நடப்பதைச் சொல்லும். எச் அளவுகளை மனிதர் படிக்கும்படி காட்டும். பெரிய பி, அரைகுறையாக வந்த கோப்பை வீசிவிடாமல் வைத்திருந்து அடுத்த முறை அதைப் பயன்படுத்திக்கொள்ளும். மலையில் அந்தப் பெரிய பி இல்லாமல் ஆர்சிங்க் ஓட்டுவதில் பொருளில்லை.

இதில் கவனமாகப் பார்க்க வேண்டியது மூல அடைவின் பெயருக்குப் பின்னால் வரும் சாய்கோடு. “படங்கள்” என்று சாய்கோடின்றித் தந்தால், மறுமுனையில் “படங்கள்” என்ற அடைவே உருவாகி அதற்குள் கோப்புகள் இருக்கும். “படங்கள்/” என்று தந்தால், உள்ளே இருப்பவை மட்டும் நேராகச் சென்று இறங்கும். இத்தோடு “--டெலீட்” என்பதையும் சேர்த்தால், மூலத்தில் இல்லாதவை மறுமுனையில் அழிக்கப்படும். சாய்கோடு இடம் மாறியிருக்கும்போது இதைச் சேர்ப்பது, காப்புப் பிரதியைக் கையோடு அழிப்பதற்குச் சமம். எனவே முதலில் “-என்” சேர்த்து ஒத்திகை பாருங்கள். என்னென்ன நடக்கும் என்று பட்டியலிடும், எதையும் தொடாது. பட்டியலைப் படித்துத் திருப்தியானபின் அந்த என் எழுத்தை நீக்கி ஓட்டலாம்.

குறை எங்கே என்று பார்க்க

இணைப்பு மந்தம் என்று நிறுவனத்துக்குத் தொலைபேசும் முன், எம்டிஆர் கருவியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முனையத்துக்கு மட்டுமான பதிப்பு எம்டிஆர்-டைனி என்ற பெயரில் கிடைக்கும். நம் வீட்டிலிருந்து சர்வர் வரையுள்ள ஒவ்வொரு தாவலிலும் (இடையிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரிலும்) எத்தனை சதவீதத் தரவுப் பொட்டலங்கள் தொலைகின்றன என்று அது வரிவரியாகக் காட்டும். நடுவில் ஒரு வரியில் மட்டும் 60 சதவீத இழப்பு தெரிந்து, அதற்கடுத்த வரிகளில் இழப்பே இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை. அந்த ரௌட்டர் சோதனைப் பொட்டலங்களுக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான். இழப்பு ஒரு வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை தொடர்ந்தால்தான் குறை அங்கே இருக்கிறது. முதல் வரியிலேயே தொடங்கினால் குறை உங்கள் வைஃபையில்.

அளவிட்ட டேட்டாவை நம்பியிருப்பவர்கள் விஎன்ஸ்டாட்டை நிறுவிவிட்டு மறந்துவிடலாம். அது பின்னணியில் கணக்கு வைத்திருக்கும். “விஎன்ஸ்டாட் -டி” (டி என்பது d) நாள்வாரியாகவும், “-எம்” மாதவாரியாகவும் தரும். வட்டு நிறைந்துவிட்டால் என்சிடியு, எந்த அடைவு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிக் காட்டும். கணினி திணறினால் எச்டாப்பைத் திறந்து பெரிய எம் அழுத்துங்கள். நினைவகத்தை விழுங்குகிறவர் மேலே வந்து நிற்பார், பெரும்பாலும் உலாவிதான்.

இலைக் கணக்கு

சிறு தேயிலை விவசாயி வீட்டில், பசுந்தேயிலை கொடுத்த கணக்கு ஒரு நோட்டில் இருக்கும். அதையே மாதம், நாள், கிலோ என்று இடைவெளி விட்டு மூன்று பத்திகளாக “இலை” என்ற பெயரில் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதிவைத்தால், டேட்டாமேஷ் என்ற சிறு கருவி கூட்டிக் கொடுத்துவிடும். எடுத்துக்காட்டாக இந்த மூன்று வரிகளைக் கொள்வோம்:

ஜூன் 3 41
ஜூன் 11 38
ஜூன் 19 52

“டேட்டாமேஷ் -பெரிய டபிள்யூ -பெரிய ஆர் 2 -ஜி 1 சம் 3 மீன் 3 < இலை” என்று தட்டினால், ஜூன் மாதத்துக்கு எதிரே மொத்தம் 131.00, சராசரி 43.67 என்று ஒரே வரியில் வரும். பெரிய டபிள்யூ, பத்திகள் இடைவெளியால் பிரிந்திருப்பதைச் சொல்கிறது. பெரிய ஆர் 2, இரண்டு தசமங்களோடு நிறுத்துகிறது. ஜி 1, முதல் பத்தியான மாதத்தைக் கொண்டு குழுவாக்குகிறது. அடுத்தடுத்த மாதங்களின் வரிகளைக் கீழே சேர்த்துக்கொண்டே போனால், மாதத்துக்கு ஒரு வரியாக விடை வளரும். ஒரே மாதத்தின் வரிகள் சிதறிக் கிடந்தால் “-எஸ்” சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூன் இரண்டு முறை வரும். மழைநாளில் ஈரத்துக்குக் கழித்த எடையை நான்காம் பத்தியாக எழுதி, “சம் 4” என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மாத முடிவில் தொழிற்சாலைச் சீட்டோடு ஒப்பிட அது உதவும். விரிதாள் மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இதற்கு அது தேவையில்லை.

இத்தகைய கோப்புகளைத் தமிழிலேயே எழுதலாம். முனையம் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குவதால், சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம். கோப்பில் பிழை இருக்காது, பார்வையில்தான். எண்ணும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. கோத்தகிரி என்ற பெயரில் நமக்கு ஐந்து எழுத்துகள். “டபிள்யூசி -எம்” அதை 9 என்று எண்ணும், ஏனெனில் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறிகள். “டபிள்யூசி -சி” 27 பைட்டுகள் என்னும். “கோ”வின் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம் என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு கோத்தகிரிகள் கணினிக்கு வேறு வேறாக இருக்கும். கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கருவி ஒரு சொல்லைக் காரணமின்றித் தவறவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். ஐசியு-டெவ்டூல்ஸ் தொகுப்பிலுள்ள யுகான்வ் கருவியில் “யுகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி” என்று கோப்பைச் செலுத்தினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

இத்தனை நீளக் கட்டளைகளை நினைவில் வைக்க வேண்டியதில்லை. முனையத்தில் கண்ட்ரோல்-ஆர் அழுத்தி, கட்டளையின் ஏதேனும் ஒரு துண்டைத் தட்டினால், முன்பு தட்டியது திரும்ப வரும். எஃப்இசட்எஃப் நிறுவினால் இதே தேடல் பட்டியலாக விரியும். டெபியனில் அதன் விசைகளை இயக்க, நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அந்த வரி தொகுப்போடு வரும் ரீட்மீ கோப்பில் இருக்கிறது.

விளையாட்டுக்கு

“கர்ல்” என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டபிள்யூ, இரண்டு டி (t), ஆர், புள்ளி, ஐ, என் என்ற முகவரியைத் தந்து, சாய்கோட்டுக்குப் பின் ஊர்ப்பெயரை இட்டால், வானிலை எழுத்தாலான படமாக வரும். முகவரியின் இறுதியில் வினாக்குறியும் “லாங்=டிஏ”யும் (lang=ta) சேர்த்து, முழுவதையும் மேற்கோளுக்குள் வைத்தால் தமிழில் வரும். தொட்டபெட்டாவின் ஒரு சரிவில் வெயிலும் மறுசரிவில் மழையுமாக இருக்கும் ஊரில் இதை நம்பித் துணி காயப்போட வேண்டாம்.

“கேல் 9 1752” என்று தட்டிப் பாருங்கள். செப்டம்பர் 2க்கு அடுத்து 14 வரும். பிரிட்டன் கிரகோரி நாட்காட்டிக்கு மாறியபோது விடுபட்ட 11 நாட்கள் அவை. அடுத்து “யூனிட்ஸ்”: “யூனிட்ஸ் '2637 எம்' எஃப்டி” என்று கேட்டால், தொட்டபெட்டாவின் உயரம் 8651.5748 அடி என்று சொல்லும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது எஸ்எல். அடைவின் பட்டியலைக் காட்டும் எல்எஸ் கட்டளையை அவசரத்தில் எழுத்து மாற்றி எஸ்எல் என்று தட்டுகிறவர்களுக்காக, டொயோடா மசாஷி 1993 இல் எழுதிய நிரல் இது. தட்டியதும் திரையின் வலப்பக்கத்திலிருந்து புகைவிட்டுக்கொண்டு ஒரு நீராவி ரயில் கிளம்பி, இடப்பக்கம் போய் மறையும்வரை வேறு எதுவும் செய்ய விடாது. கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்காது. “-எல்” சேர்த்தால் சிறிய ரயில், “-பெரிய எஃப்” சேர்த்தால் பறக்கும் ரயில், “-ஏ” சேர்த்தால் உள்ளே இருப்பவர்கள் உதவி கேட்டுக் கத்துவார்கள். ஒரே ஒரு குறை: இதில் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் நம் மலை ரயிலில் எஞ்சின் பின்னால் இருந்து அல்லவா தள்ளும்!

ஃபார்ச்சூன் கருவி, தட்டும்போதெல்லாம் ஒரு வாசகத்தைத் தற்செயலாக எடுத்துத் தரும். பழமொழிகளையோ குறட்பாக்களையோ ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவே தனி வரியில் ஒரு சதவீதக் குறியை இட்டு, “ஸ்ட்ர்ஃபைல்” கட்டளையால் அட்டவணை உருவாக்கிவிட்டால், “ஃபார்ச்சூன் ./கோப்பு” உங்கள் வாசகங்களையே தரும். அதைக் குழாய்க்குறியால் (செங்குத்துக் கோடு) கௌசே என்ற கருவிக்கு அனுப்பினால் ஒரு பசு அதைச் சொல்லும். “-எஃப் டக்ஸ்” சேர்த்தால் பெங்குயின் சொல்லும். தமிழ் வாசகத்தைச் சுற்றிய கட்டம் மட்டும் கோணலாக வரும், காரணம் மேலே சொன்ன கட்ட அகலம்தான்.

நல்ல இணைப்பு இல்லாமல் இவற்றை நிறுவ

இணைப்பே இல்லாத கணினிக்கு ஆப்ட்-ஆஃப்லைன் இருக்கிறது. அதை மட்டும் முதலில் எப்படியாவது நிறுவிக்கொண்டு, “சூடோ ஆப்ட்-ஆஃப்லைன் செட் பட்டியல் --இன்ஸ்டால்-பேக்கேஜஸ்” என்று தட்டி, வேண்டிய கருவிகளின் பெயர்களை வரிசையாகத் தந்தால், என்னென்ன இறக்க வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ இறங்கும்போது, அங்கே நல்ல இணைப்புள்ள கணினியில், அதிலும் ஆப்ட்-ஆஃப்லைன் நிறுவியிருந்தால், “ஆப்ட்-ஆஃப்லைன் கெட் பட்டியல் --பண்டில் மூட்டை” என்று தட்ட வேண்டும். தேவையான தொகுப்புகள் அனைத்தும் ஒரே ஜிப் கோப்பாகச் சேரும். ஊர் திரும்பி “சூடோ ஆப்ட்-ஆஃப்லைன் இன்ஸ்டால் மூட்டை” என்று தட்டினால், அவை ஆப்டின் சேமிப்பறைக்குள் போய்விடும்; அதன்பின் வழக்கமான “ஆப்ட் இன்ஸ்டால்” கட்டளை இணையத்தைத் தேடாமலே வேலையை முடிக்கும். கீழே இறங்குவதற்குச் சற்று முன்பு பட்டியலை உருவாக்கிவிட்டு, இடையில் வேறு எதையும் நிறுவாமல் இருங்கள். இடையில் கணினியின் நிலை மாறினால் பட்டியலிலுள்ள சார்புகள் (ஒரு கருவிக்குத் தேவையான பிற தொகுப்புகள்) பொருந்தாமல் போகலாம்.